மெத்தைக்கடை அண்ணியின் இடது கால்

அன்று காலை அண்ணியின் இடது கெண்டைக்கால் வலிக்கவில்லை. வீடே கதிகலங்கிப் போனது.

இது என்ன கூத்து என்று கேட்பீர்கள். சொல்கிறேன். அதற்கு முன், இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காக இரண்டு வார்த்தை.

கீழே மெத்தைக்கடை, மேலே வீடு. கடைக்குச் சொந்தக்காரர் மெத்தைக்காரர். கூடவே இருக்கும் தம்பி வண்டி ஓட்டி மெத்தைகளை வீடு வீடாகக் கொண்டு சேர்ப்பவன். கல்யாணம் ஆகாதவன், வாயாடி. அவன் மெத்தைக்காரரின் மனைவியை 'அண்ணி' என்று கூப்பிட, கடை ஆட்களும் அப்படியே கூப்பிட, கடைசியில் தெருவே அவளுக்கு அண்ணி என்று பெயர் வைத்துவிட்டது. கட்டிய புருஷனே ஒருநாள் கூட்ட நேரத்தில் வாய் தவறி "அண்ணி, அந்தத் தலகாணிய எடு" என்று சொல்லிவிட்டு, அதன்பிறகு வீட்டில் பட்ட பாடு பழைய வாசகர்களுக்கு மறந்திருக்காது.

அந்த அண்ணிதான் போன மாதம் ஒரு மெத்தையின் மூலையைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே திரும்பினாள். இடுப்பில் 'களுக்' என்றது. அன்று தொடங்கியது வேதனை. இடது பிட்டத்தில் கிளம்பி, பின்தொடை வழியாக இறங்கி, கெண்டைக்காலைப் பிழிந்து, சுண்டுவிரல்வரை மின்சாரம் பாய்ந்தது போல ஒரு வலி. நின்றால் ஒரு மாதிரி, உட்கார்ந்தால் உயிர் போகும். சயாட்டிகா என்றார் டாக்டர். முதுகெலும்புத் தட்டு ஒன்று பிதுங்கி நரம்பை அழுத்துகிறதாம். "இப்போதைக்குக் கத்தி வேண்டாம்" என்று சொல்லி, நரம்புக்கு மாத்திரை எழுதிக் கொடுத்து, பிசியோதெரபி செய்யும் பெண்ணிடம் அனுப்பினார்.

இதில் வலியைவிடப் பெரிய வலி ஒன்று இருந்தது. தொலைதூர நகரத்தில் இருக்கும் மகளுக்கு இரண்டாவது பிரசவம் நெருங்கிக்கொண்டிருந்தது. மூத்தவன் பிறந்தபோது மழையில் ரயில் நடுவழியில் நின்றுபோய், குழந்தை பிறந்த மறுநாள்தான் அண்ணி போய்ச் சேர்ந்தாள். "இந்தத் தடவை நீ ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போதே உன் பக்கத்துல இருப்பேன்" என்று மகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை ரயில். பகல் முழுக்க உட்கார்ந்து போக வேண்டும். அவளாலோ ஒரு காபி குடிக்கும் நேரம்கூட உட்கார முடியவில்லை.

இனி அன்று காலைக்கு வருவோம்.

கண் விழித்த அண்ணி வழக்கம்போல முதலில் காலுக்கு ஆள் அனுப்பினாள். அதாவது, மனதுக்குள் காலை விசாரித்தாள். கெண்டைக்கால் பேசவில்லை. தொடையும் பேசவில்லை. ஆனால் இடுப்பின் நடுவில், சரியாக ஓர் உள்ளங்கை அகலத்துக்கு, பிடித்து வைத்து முறுக்கியது போல வலித்தது.

"என்னங்க, வலி இடம் மாறிடுச்சு."

மெத்தைக்காரர் பல் விளக்குவதைப் பாதியில் நிறுத்திவிட்டு ஓடி வந்தார். வாயில் நுரையோடு, "எங்க?" என்றார்.

"கால்ல இல்ல. இடுப்புலதான். நேத்தவிட ஜாஸ்தியா இருக்கு."

"மேல ஏறிடுச்சா!"

அவர் முகத்தைப் பார்த்தால் வலி அவருக்குத்தான் ஏறியிருக்கிறது என்று தோன்றும். கால் வலி இடுப்புக்கு ஏறினால், நாளைக்கு முதுகு, நாளை மறுநாள் கழுத்து, அப்புறம்? அதற்குமேல் யோசிக்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

"அந்தப் பொண்ணு சொன்ன பயிற்சிதான் காரணம். குப்புறப் படுத்து முதுக வளைக்கறதாம். வலிக்கிற முதுக எவனாவது வளைப்பானா? இனிமே அதெல்லாம் வேண்டாம். நீ அசையாம படு. டேய் தம்பி!"

தம்பி மாடிப்படி ஏறி வந்து நின்றான்.

"அந்தப் புது மெத்தைய மேல கொண்டா."

"எதுண்ணா? போன வாரம் கொண்டு வந்ததா, அதுக்கு முந்தின வாரம் கொண்டு வந்ததா?"

"அது ரெண்டும் வேண்டாம். நேத்து இறங்குச்சே, கெட்டியா, அது."

இதுதான் அந்த வீட்டின் நோய். வேறு வீடாக இருந்தால் தைலம் தேய்த்திருப்பார்கள், ஒத்தடம் கொடுத்திருப்பார்கள், அதோடு விட்டிருப்பார்கள். மெத்தைக்காரருக்கு உலகத்தில் உள்ள எல்லா வியாதிக்கும் ஒரே மருந்துதான் தெரியும். அண்ணி படுத்த நாளிலிருந்து அவளுக்குக் கீழே மெத்தை மாறிக்கொண்டே இருந்தது. முதலில் பஞ்சு. அது அமுங்குகிறது என்று நார். அது குத்துகிறது என்று ஸ்பிரிங். அது ஆடுகிறது என்று ரப்பர். கழித்துக் கட்டியவை எல்லாம் கூடத்துச் சுவரோரம் அடுக்கி வைக்கப்பட்டு, ஜன்னலைப் பாதி மறைத்துக்கொண்டு நின்றன. இத்தனைக்கும் நடுவில் அண்ணிக்கு நோய் என்பது வெளியே தெரியக்கூடாது. மெத்தைக்கடைக்காரியின் முதுகே போய்விட்டது என்று தெரிந்தால் எவன் மெத்தை வாங்குவான்? கேட்டவர்களுக்கெல்லாம் "சொந்தக்காரங்க வீட்டுக்குப் போயிருக்கா" என்று மெத்தைக்காரர் சொல்ல, தலைக்கு மேலே மாடியில் அண்ணி படுத்தபடி அதைக் கேட்டுக்கொண்டிருப்பாள்.

வீட்டில் இன்னொரு சட்டமும் அமலில் இருந்தது. யாரும் அண்ணியைச் சிரிக்க வைக்கக்கூடாது. தும்மினாலோ, இருமினாலோ, சிரித்தாலோ காலில் இடி இறங்கும். தம்பி போன மாதம் அறியாமல் ஒரு ஜோக் அடித்துவிட்டான். அண்ணி சிரித்து, சிரித்த வாயோடு அலறி, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அன்றிலிருந்து அவன் வாய்க்குப் பூட்டு. மாடிக்கு வரும்போதெல்லாம் துக்க வீட்டுக்கு வந்தவன்போல முகத்தை வைத்துக்கொள்வான். அது இன்னும் சிரிப்பாக இருக்கும் என்பது வேறு விஷயம்.

"மெத்த வேண்டாம்" என்றாள் அண்ணி.

"என்ன வேண்டாம்?"

"மெத்தையே வேண்டாம். இன்னிக்கு அந்தப் பொண்ணு வரச் சொல்லியிருக்கா. ஞாயித்துக்கிழமை போகலாமா வேண்டாமான்னு இன்னிக்குத்தான் சொல்லுவா. நான் போறேன். நீங்க வர்றீங்களா, தம்பியக் கூட்டிட்டுப் போகட்டுமா?"

சொல்லிவிட்டு, கற்றுக்கொடுத்தபடி ஒருக்களித்துத் திரும்பி, கால்களைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழுந்தாள். மெத்தைக்காரர் வாயைத் துடைத்துக்கொண்டு செருப்பைத் தேடினார்.

*

பிசியோதெரபி அறை அடுத்த தெருவில், ஒரு மருந்துக்கடையின் மாடியில் இருந்தது. உயரமான ஒரு கட்டில், சுவரில் முதுகெலும்புப் படம், மூலையில் பெரிய ரப்பர் பந்து. அந்தப் பெண்ணுக்கு மகள் வயதுதான் இருக்கும். முழங்கைவரை சட்டையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு, பேசும்போதே நோயாளியின் பாதத்தைப் பிடித்து அழுத்திப் பார்ப்பாள்.

"பெருவிரல மேல தூக்குங்கம்மா. என் கையத் தள்ளுங்க. ம், பலம் இருக்கு. உள்தொடை, அந்தரங்க இடம், எங்கயாவது மரத்துப் போன மாதிரி இருக்கா?"

"இல்ல."

"ஒண்ணுக்கு, ரெண்டுக்குப் போறதுல அடைப்பு, இல்ல கட்டுப்படுத்த முடியாம போறது?"

மெத்தைக்காரர் சட்டென்று திரும்பி முதுகெலும்புப் படத்தைத் தீவிரமாகப் படிக்க ஆரம்பித்தார்.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல" என்றாள் அண்ணி, அவர் முதுகைப் பார்த்தபடி.

"நல்லது. அப்படி எதாவது வந்தா எனக்காகக் காத்திருக்கக் கூடாது, நேரா ஆஸ்பத்திரிக்கு ஓடணும். இப்ப வலி எதுவரைக்கும் இருக்கு?"

அண்ணி தயங்கினாள். மெத்தைக்காரர் முந்திக்கொண்டார்.

"மேல ஏறிடுச்சு டாக்டரம்மா. கால்ல இருந்தது இடுப்புக்கு வந்துடுச்சு. இடுப்புல முன்னவிட அதிகம். உங்க பயிற்சி அவளுக்கு ஒத்துக்கல."

அந்தப் பெண் அண்ணியை மட்டும் பார்த்தாள். "கெண்டைக்கால்ல?"

"இல்ல."

"தொடையில?"

"இல்லம்மா. நடு இடுப்புல மட்டும்தான்."

அவள் முகம் அப்படியே மலர்ந்துவிட்டது. "இதச் சொல்லவா இவ்வளவு பயந்தீங்க? இதுக்குத்தான் நான் காத்துட்டிருந்தேன்!"

மெத்தைக்காரருக்கு ஒன்றும் புரியவில்லை.

"ஊருக்குள்ள வெள்ளம் வந்தா, வடியும்போது எந்தத் தெரு முதல்ல காயும்? தூரத்துத் தெருதானே? ஆத்தங்கரைதான கடைசியாக் காயும். இதுவும் அப்படித்தான். நரம்பு கிளம்புற இடம் இடுப்பு. வலி காலை விட்டுட்டு இடுப்புக்குச் சுருங்குதுன்னா, பிதுங்குனது நரம்ப விட்டு விலகுதுன்னு அர்த்தம். இடுப்புல கொஞ்ச நாள் கூடுதலாத்தான் வலிக்கும். அது நல்ல வலி. இதுவே திரும்பக் கீழ, கால் பக்கம் இறங்க ஆரம்பிச்சாத்தான் பயப்படணும். மாத்திர ஒழுங்காப் போடறீங்களா?"

"மொதல்ல வலிக்கிறப்ப மட்டும் போட்டுட்டிருந்தேன். நீங்க திட்டினதுக்கு அப்புறம் தவறாம போடறேன்."

"அதுதான் வேலை செய்யுது. பகல்ல நடக்கிறீங்களா?"

அண்ணி கணவரைப் பார்த்தாள்.

"அவளுக்கு ஓய்வு வேணும்ல?" என்றார் மெத்தைக்காரர். "ஆயுசு பூரா மெத்த வித்துட்டிருக்கேன் டாக்டரம்மா. படுத்தா சரியாகாத வலி உண்டா?"

"நாள் பூராப் படுத்தா முதுகு இறுகித்தான் போகும் சார். மெத்த ராத்திரிக்கு. பகலுக்குக் கால்."

நல்ல மனிதர், அடி வாங்கியவர்போல உட்கார்ந்துவிட்டார். தோற்றுப்போன குரலில், "சரி, ராத்திரிக்கு எந்த மெத்த?" என்றார்.

"எது பழகுச்சோ அது. தயவுசெஞ்சு மாத்திட்டே இருக்காதீங்க."

அண்ணி உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கினாள். பழக்கதோஷம்.

பிறகு கட்டிலில் குப்புறப் படுத்து, முழங்கைகளை ஊன்றி, நெஞ்சை மெல்ல உயர்த்தினாள். அப்புறம் உள்ளங்கைகளை ஊன்றி இன்னும் கொஞ்சம். "இடுப்ப ஒட்டியே வையுங்க, மூச்ச விடுங்க" என்று அந்தப் பெண் சொல்லிக்கொண்டே இருந்தாள். இறங்கியபோது இடுப்பில் இருந்த முறுக்கும் பாதியாகக் குறைந்திருந்தது. அண்ணிக்குக் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது. இத்தனை நாளில் வலியால் அழுதிருக்கிறாள். வலி இல்லாததால் அழுவது அன்றுதான் முதல் தடவை.

"ஞாயித்துக்கிழமை?" என்று கேட்டாள்.

"போயிட்டு வாங்க."

"நிஜமாவா?"

"ஆனா ஒரேயடியா உட்காரக் கூடாது. கொஞ்ச நேரத்துக்கு ஒருதடவ எழுந்து ரயிலுக்குள்ளயே நடங்க. ஒரு துண்ட சுருட்டி இடுப்புக்குப் பின்னாடி வச்சுக்குங்க. பெட்டியத் தொடவே கூடாது, தூக்க ஒரு ஆள் கூட வரணும். அங்க போய்ப் பேரனக் குனிஞ்சு தூக்காதீங்க, உட்கார்ந்த பிறகு மடியில வாங்கிக்குங்க. பயிற்சி மட்டும் நிறுத்தாதீங்க."

அண்ணி அந்தப் பெண்ணின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் மெத்தைக்காரர் பேயறைந்தது போல நின்றார்.

ஏன் என்று அண்ணிக்குத் தெரியாது. உங்களுக்குச் சொல்லிவிடுகிறேன். முந்தின வாரம் ஒருநாள் அவள் குளியலறையில் ஸ்டூலை விட்டு எழ முடியாமல் மாட்டிக்கொண்டாள். அவளைத் தூக்கி வந்து படுக்க வைத்த கையோடு அவர் கீழே இறங்கிப் போய் அந்த ரயில் டிக்கெட்டை ரத்து செய்துவிட்டார். இந்த நிலையில் இவள் எங்கே போகப்போகிறாள் என்ற எண்ணம். சொன்னால் மனசு உடைந்துவிடுவாளே என்ற பயம். இரண்டுக்கும் நடுவில், தம்பியிடம் மட்டும் சொல்லிவிட்டு, அவளிடம் வாயைத் திறக்காமலே இருந்துவிட்டார்.

*

திரும்பும்போது அண்ணி ஆட்டோ வேண்டாம் என்றாள். நடந்தாள். மெதுவாகத்தான், ஆனால் கோணாமல். மருந்துக்கடைக்காரர் "எப்ப ஊர்ல இருந்து வந்தீங்க அண்ணி?" என்று கேட்டார். "இப்பத்தான்" என்றாள். அதில் பொய்யும் இல்லை என்று அவளுக்குத் தோன்றியது.

வீட்டுக்கு மாடி ஏறாமல் நேராகக் கடைக்குள் போனாள். புது உறையின் வாசனை அடித்ததும் நெஞ்சு நிறைந்தது. கடையில் ஒரு புதுமணத் தம்பதி நின்றிருந்தார்கள். அந்த மாப்பிள்ளை ஒரு மெத்தையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "இதுல படுத்தா முதுகுவலி போயிடுமா?" என்று கேட்டார்.

தம்பி அண்ணனைப் பார்த்தான். இந்தக் கேள்விக்கு அண்ணனிடம் ஒரு பாட்டே உண்டு. முதுகு, கழுத்து, தூக்கம், சந்தோஷம் என்று ஏறிக்கொண்டே போகும்.

மெத்தைக்காரர் தொண்டையைக் கனைத்தார். "நல்லாத் தூக்கம் வரும் சார். வலி போகணும்னா டாக்டரப் பாருங்க. பகல்ல நடங்க."

தம்பி கையிலிருந்த தலையணையைக் கீழே போட்டான். அந்தத் தம்பதி ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, அதே மெத்தையை வாங்கிக்கொண்டு போனார்கள்.

அப்போதுதான் மகளின் அழைப்பு வந்தது. வீடியோ. அண்ணி பில் போடும் மேசையருகே போய்ப் போனை எடுத்தாள்.

"கண்ணு, எப்படி இருக்க? வயிறு இறங்கிடுச்சா? கால் வீங்குதா?"

மகள் திரையையே உற்றுப் பார்த்தாள்.

"அம்மா, உனக்குப் பின்னாடி சுவர் தெரியுது."

"சுவர் தெரியாம?"

"இத்தன நாளா தலகாணிதான் தெரிஞ்சுது. எப்பக் கூப்பிட்டாலும் தலகாணி. அசதி, வெயில், தூக்கம்னு என்னென்னவோ சொன்ன. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா? சித்தப்பாவப் பிடிச்சு உலுக்கி எல்லாத்தையும் கேட்டுட்டேன். நீ வருத்தப்படுவேன்னு நானும் தெரியாத மாதிரியே நடிச்சேன்."

அண்ணி கொழுந்தனைப் பார்த்தாள். அவன் தலையணையை ரொம்ப அக்கறையாகத் தூசி தட்டினான்.

"வர முடியலன்னா பரவாயில்லம்மா. நிஜமா சொல்றேன். நான் சமாளிச்சுக்கறேன்." சொல்லும்போதே அவள் உதடு கோணிக்கொண்டு போனது. சின்ன வயதில் விழுந்துவிட்டு வலிக்கவில்லை என்று சொல்லும்போது கோணுமே, அதே கோணல்.

"யாருடி வரலன்னு சொன்னது? ஞாயித்துக்கிழம கிளம்பறேன். உன் பக்கத்துலதான் இருப்பேன். அழாத. நீ அழுதா உள்ள இருக்கிறதும் அழும்."

அப்புறம் இருவரும் பேசினார்கள். மூத்தவனின் அடம், மாப்பிள்ளையின் சமையல், குழந்தைக்கு வைக்கப்போகும் பெயர் என்று பேச்சு நீண்டது. போனை வைக்கும்போது மகள் சிரித்துக்கொண்டிருந்தாள்.

போனைக் கீழே வைத்த பிறகுதான் அண்ணி கவனித்தாள். பில் மேசைக்குப் பின்னால் இருந்த அந்தப் பழைய மர நாற்காலியில், அடியில் ஒரு துணிகூட இல்லாமல், அவள் உட்கார்ந்திருந்தாள். பேச ஆரம்பித்ததிலிருந்து உட்கார்ந்தே இருந்திருக்கிறாள்.

"என்னங்க" என்றாள் மெல்ல. "நான் உக்காந்திருக்கேன்."

மெத்தைக்காரர் அதை முதலிலேயே பார்த்துவிட்டார். அழுதுகொண்டிருந்தார். ஆனால் அந்த அழுகையில் சந்தோஷம் பாதிதான் என்று தம்பிக்கு மட்டும் தெரியும்.

"அண்ணா, சொல்லிடு" என்றான் அவன்.

"என்ன சொல்லணும்?" என்றாள் அண்ணி.

அவர் சொன்னார். டிக்கெட்டை ரத்து செய்ததைச் சொன்னார். திரும்பி வரும் வழியில் போனை எடுத்து மறுபடி டிக்கெட் போடப் பார்த்ததையும், ஞாயிறு ரயில் நிரம்பிவிட்டதையும், திங்கள், செவ்வாய்கூட இடம் இல்லை என்பதையும் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அண்ணியின் முகம் சிவந்தது. "என்கிட்ட ஒரு வார்த்த கேக்கணும்னு தோணலையா உங்களுக்கு? கால்தானே போச்சு, வாய் இருந்துதுல்ல எனக்கு?"

அண்ணனும் தம்பியும் ஒரே நேரத்தில் வாசலில் நின்ற மெத்தை வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"அந்த எண்ணமே வேண்டாம்" என்றாள் அண்ணி. "பின்னாடி மெத்தையப் போட்டு ஏத்திட்டுப் போகலாம்னு பாக்கறீங்களா? நான் என்ன சரக்கா?"

தம்பியால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. ஒரு மாதப் பூட்டு தெறித்துவிட்டது.

"என்ன கொடும அண்ணி இது. உங்களால உக்கார முடியாத வரைக்கும் சீட் இருந்துது. உக்கார முடிஞ்ச அன்னிக்குப் பாத்து சீட் இல்ல!"

அண்ணி கோபமாகத்தான் அவனைப் பார்த்தாள். ஆனால் அடிவயிற்றிலிருந்து கிளம்பியதை அவளால் நிறுத்த முடியவில்லை. உடம்பெல்லாம் குலுங்கச் சிரித்துவிட்டாள்.

சிரித்த மறுகணமே மூவரும் உறைந்து போனார்கள். அவள் கை தானாக இடது தொடைக்குப் போனது. மெத்தைக்காரர் அவளைத் தாங்கிப் பிடிக்கக் கைகளை நீட்டினார். தம்பி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டான். இடி இறங்குவதற்காகக் காத்திருந்தார்கள்.

இறங்கவில்லை.

அண்ணி தொடையிலிருந்து கையை மெல்ல எடுத்தாள். இன்னும் கொஞ்சம் காத்திருந்து பார்த்தாள். பிறகு நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து உட்கார்ந்துகொண்டாள்.

"சீட்டுக்கு என்ன வழின்னு அண்ணனும் தம்பியும் இன்னிக்கே யோசிங்க. ரெண்டு சீட். பெட்டி தூக்க நீங்க வர்றீங்க" என்று கணவரிடம் சொல்லிவிட்டு, கொழுந்தன் பக்கம் திரும்பினாள்.

"தம்பி, அத இன்னொருதடவ சொல்லு."